கிரப், சிஸ்டம்டி-பூட், ரீஃபைண்ட்: டூயல் பூட்டுக்கு எது?

விண்டோஸ் லேப்டாப்பில் லினக்ஸையும் ஏற்றப் போகிறவர்கள் எந்த பூட்லோடர் (கணினியை இயக்கியதும் விண்டோஸையோ லினக்ஸையோ ஏற்றும் நிரல்) நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் வட்டைப் பொறுத்தது.

இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு முன் அந்த ஸ்லாட் எடுப்பது என்விஎம்ஈயா சாட்டாவா, நீளம் 2280ஆ (80 மிமீ) 2242ஆ (42 மிமீ) என்று பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸுக்குப் புது வட்டிலேயே தனி இஎஸ்பி (பூட்லோடர்கள் இருக்கும் சிறு பார்ட்டிஷன்). சில இன்ஸ்டாலர்கள் இரண்டாவது வட்டைத் தேர்ந்தெடுத்தாலும் பூட்லோடரை முதல் வட்டின் இஎஸ்பியில் கொண்டுபோய்ப் போடும். அதனால் இன்ஸ்டால் முடியும்வரை விண்டோஸ் வட்டைக் கழற்றி வைப்பது உத்தமம். பிறகு அதைத் திரும்ப மாட்டி, கணினியை இயக்கியதுமே டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தி எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த அமைப்பில் எந்த பூட்லோடர் இருந்தாலும் ஒன்றுதான்.

ஒரே வட்டு என்றால்தான் சிக்கல். சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள். பாதி காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருங்கும் என்று காட்டினால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் கிடக்கின்றன. ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். ஜிபார்ட்டெடில் (லினக்ஸின் பார்ட்டிஷன் கருவி) சி டிரைவின் இடது எல்லையை மட்டும் தொடாதீர்கள். மொத்தத் தரவும் இடம் மாறியாக வேண்டும், மணிக்கணக்கில் ஓடும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், மே மாத மாலையில் கரண்ட் போனால் பார்ட்டிஷன் அதோடு சரி.

விண்டோஸ் இன்ஸ்டாலர் இயல்பாக உருவாக்கும் இஎஸ்பி பெரும்பாலும் 100 எம்பி. கிரப்புக்கு அது தாராளம், அங்கே சில எம்பிதான் எடுக்கும். கெர்னலை (லினக்ஸின் மையக்கரு) லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனிலிருந்தே படித்துக்கொள்ளும். சிஸ்டம்டி-பூட் அப்படியில்லை. கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (துவக்கத்தில் கெர்னலுக்கு வேண்டிய கோப்புத் தொகுப்பு) இஎஸ்பியிலேயே இருக்க வேண்டும், இரண்டாவது கெர்னல் அப்டேட்டிலேயே இடம் நிறைந்துவிடும். இஎஸ்பியைப் பெரிதாக்கலாமே என்றால், அடுத்து 16 எம்பி எம்எஸ்ஆர் (விண்டோஸ் ஒதுக்கிவைக்கும் பார்ட்டிஷன்), அதை ஒட்டி சி டிரைவ். மறுபடியும் அதே இடது எல்லை! இதற்கு மாற்றாக 1 ஜிபியில் எக்ஸ்பூட்எல்டிஆர் வகைப் பார்ட்டிஷன் ஒன்றைப் போட்டு, கெர்னல்களை அங்கே வைக்கலாம். சிஸ்டம்டி-பூட் வேகமானது, அமைப்புக் கோப்பும் நாலைந்து வரிதான். ஆனால் வேறு வட்டின் இஎஸ்பியில் உள்ள விண்டோஸைத் தானாகக் காட்டாது.

கிரப் காட்டும். ஆனால் 2021இல் வந்த 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும். மெனுவில் விண்டோஸைக் காணோம் என்று பலர் பதறுவது இதனால்தான். கிரப் அமைப்புக் கோப்பில் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் வரியை ஃபால்ஸ் ஆக்கி, உபுண்டு, டெபியனில் அப்டேட்-கிரப் கொடுத்தால் வந்துவிடும்.

ரீஃபைண்ட் ஒவ்வொரு பூட்டிலும் எல்லா வட்டையும் தானே தேடிப் பார்க்கும். மாதம் ஒரு டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை) மாற்றுகிறவர்களுக்கு இதுதான். செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்துள்ள பூட்லோடரை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு)தான் இடைஞ்சல்: ஷிம் (மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட இடைநிரல்) வைத்து, சாவியை நீங்களே பதிய வேண்டும். விண்டோஸ் 11இல் வாலரன்ட் கேம் ஆடுகிறவர்கள் செக்யூர் பூட்டை அணைக்கவும் முடியாது. அவர்களுக்கு, டிஸ்ட்ரோவே கையெழுத்திட்டுத் தரும் கிரப்தான் என் தேர்வு.

எதை வைத்தாலும் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவில் எழுத முடியாமல் போகும். பயாஸில் கைவைப்பதற்கு முன் பிட்லாக்கரின் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸே வந்தால் பெரும்பாலும் கிரப் அழிந்துவிடவில்லை, பூட் வரிசைதான் மாறியிருக்கும். பயாஸில் கிரப்பை மேலே ஏற்றினால் போதும். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டில் வந்தது மாதிரி எஸ்பிஏடி (பழைய, பாதுகாப்பற்ற பூட்லோடர்களைத் தடுக்கும் ஏற்பாடு) பிழை காட்டினால் மட்டும் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையில் எஸ்பிஏடி பாலிசியை டிலீட் என்று வைத்து, ஒருமுறை லினக்ஸுக்கே ரீபூட் செய்தபின் திரும்ப இயக்குங்கள்.