காற்றாலையா, மாடி சோலாரா: பெண்களுக்கு எந்த வேலை கைகொடுக்கும்?

ட்ரிபிள் ஈ என்ற மின், மின்னணுப் பொறியியல் முடித்த பெண்கள், டிப்ளமோ முடித்தவர்கள், அவர்களின் அம்மாக்கள்கூட என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: காற்றாலைக் கம்பெனியில் சேரட்டுமா, சோலாருக்குப் போகட்டுமா? திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டுமே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் போனால் கண்ணுக்கு எட்டிய வரை காத்தாடி, ஊருக்குள் வந்தால் தெருவுக்கு இரண்டு மாடியில் பேனல். நான் முதலில் ஒரு காற்றாலைப் பராமரிப்புக் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் வேலை பார்த்தேன், இப்போது மாடி சோலார் வடிவமைத்து நிறுவும் வேலையில் இருக்கிறேன். என் சாய்வு சோலார் பக்கம்தான், அதனால் இந்த அலசலில் சோலாருக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்.

இரண்டுமே வளரும் துறை, இரண்டுக்கும் ஒரே படிப்பு போதும், அதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். ஐரினா என்ற சர்வதேச புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைப்பின் ஆய்வுகள்படி, உலக அளவில் சோலார் துறை ஊழியர்களில் சுமார் 40 சதவீதம் பெண்கள், காற்றாலையில் 21 சதவீதம். எண்ணெய், எரிவாயுத் துறையிலேயே 22 சதவீதம் இருக்கிறார்கள், அதாவது பெண்கள் விஷயத்தில் காற்றாலை இன்னும் அந்தப் பழைய துறையைத் தாண்டவில்லை. சோலாரின் 40-ஐப் பார்த்தும் ரொம்ப மகிழ வேண்டாம், அதில் கணிசமானவர்கள் அலுவலக, நிர்வாக வேலைகளில் இருப்பவர்கள்.

முதலில் காற்றாலை. சம்பளம் ஆரம்பத்திலேயே ஒழுங்காக இருக்கும். பெரிய கம்பெனி என்றால் பிஎஃப், இஎஸ்ஐ அல்லது மருத்துவக் காப்பீடு, எழுத்தில் வேலை நியமனம், எல்லாம் உண்டு. பயிற்சியும் முறையாகக் கொடுப்பார்கள். சீசன் வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை போகும், அந்த மாதங்களில் ஒரு மெஷின் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம், அதனால் கண்காணிப்பு அறையில் இரவு பகல் பாராமல் ஆள் இருக்க வேண்டும். எந்த மெஷின் என்ன பிழைக் குறியீட்டோடு நின்றது, இங்கிருந்தே மறுபடி ஓட்ட முடியுமா, டீமை அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்கும் அந்த வேலை எனக்குப் பிடித்தே இருந்தது. கோபுரம் ஏறிச் செய்யும் சர்வீஸ் வேலையை நான் செய்ததில்லை, என் தோழி செய்கிறாள், அவள் சொல்வதை வைத்துத்தான் சொல்கிறேன்: ஏறுவது பழகிவிடும், புதிய உயரமான கோபுரங்களில் லிஃப்ட் இருக்கிறது, கஷ்டம் இரண்டு விஷயத்தில்தான். ஆண்களின் உடலுக்கு வாங்கி வைத்த ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டை இடுப்பிலும் தொடையிலும் சரியாகப் பிடிக்காது. அப்புறம், காட்டுக்குள் தள்ளித் தள்ளி நிற்கும் மெஷின்களுக்கு நடுவே கழிப்பறை என்றால் துணை மின்நிலையத்துக்குத்தான் வண்டியில் வர வேண்டும்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள், இவற்றை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி. இரண்டு மூன்று வருடம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால், கையில் என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்வியை ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை, அது அநியாயம்தான், ஆனால் நம் வீடுகளில் கல்யாணம், பிரசவம், மாமியாரின் உடல்நிலை என்று ஏதாவது ஒன்றுக்காக வேலையை விடுவது பெண்தான். சட்டப்படி பார்த்தால் இங்கே காற்றாலைதான் முந்துகிறது. பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு, பெரிய கம்பெனியில் அது கிடைக்கும். கடை, நிறுவனங்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். நம்மூர் மாடி சோலார் கடைகள் பலவற்றில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அங்கே விடுப்பு என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது.

ஆனால் 26 வாரத்தில் குழந்தை வளர்ந்துவிடாது. அதற்கு மேல் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். காற்றாலையில் உயரத்தில் வேலை செய்ய பெரிய கம்பெனிகள் கேட்கும் ஜிடபிள்யூஓ (உலகக் காற்றாலைக் கம்பெனிகளின் பயிற்சி அமைப்பு) பாதுகாப்புச் சான்றிதழின் ஆயுள் 24 மாதம்தான், அதற்குள் புதுப்பிக்காவிட்டால் மறுபடி பயிற்சி. வேலை கொடுக்கும் கம்பெனிகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை, சைட் எங்கே காற்று அடிக்கிறதோ அங்கேதான். ஆரல்வாய்மொழியில் பழகிய பெண் கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டால் அந்த அனுபவத்தை அங்கே என்ன செய்வாள்? ஒரு கம்பெனியின் மெஷினில் கற்ற கட்டுப்பாட்டு முறை இன்னொரு கம்பெனிக்கு அப்படியே பொருந்துவதும் இல்லை.

சோலாருக்கு வெயிலும் மாடியும் போதும், அது எந்த ஊரிலும் இருக்கிறது. வேலை எப்படி என்று ஒரு சைட்டை வைத்தே சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ஈபி பில்லை வாங்கிப் பார்ப்பேன், எந்த நேரத்தில் மோட்டார் ஓடும், ஏசி எத்தனை என்று வீட்டம்மாவிடம் கேட்பேன், கரண்ட் எங்கே செலவாகிறது என்று சரியாகச் சொல்பவர் பெரும்பாலும் அவர்தான், என்னிடம் தயங்காமல் பேசுவார். பிறகு மாடி. தண்ணீர் டேங்க் எங்கே இருக்கிறது, பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு உயரம்? மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், டேங்க் நிழல் வடக்கே நீளும். ஆனி ஆடியில் நம் பக்கத்தில் உச்சி வெயிலே வடக்கிலிருந்துதான் வரும், நிழல் தெற்கே விழும். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் அடிபடும், அதனால் வருடம் முழுக்க நிழல் எங்கே போகும் என்று அளந்து வரைவதுதான் இந்த வேலையின் உயிர். பேனல் ஒன்று 27, 28 கிலோ வரும், இரண்டு பேர் பிடித்து ஏற்றுவார்கள், நான் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர், எர்த்திங், இன்வெர்ட்டர் இணைப்பைச் சரிபார்ப்பேன். ஈபி ஆபீஸுக்கு நடந்து, வீட்டிலிருந்து ஈபிக்குப் போகும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வாங்குவது வரை பொறுப்பு நம்முடையது.

இந்தத் திறமைக்குக் காலாவதித் தேதி கிடையாது. பேனலின் வாட் கூடியிருக்கும், இன்வெர்ட்டர் மாடல் மாறியிருக்கும், ஒரு மாதம் உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். வீட்டிலிருந்தே மற்ற நிறுவுபவர்களுக்கு வரைபடமும் உற்பத்திக் கணக்கும் போட்டுக் கொடுக்கலாம், அதனால் முழுசாக விட வேண்டிய அவசியமே பல பேருக்கு வராது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் சின்ன ஊர்களிலும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மானியம் குறைந்தால் இந்த வேகம் நிற்குமா என்ற கவலை எனக்கு உண்டு, மறைக்கவில்லை. சம்பளமும் ஏற்ற இறக்கம்தான், வாடிக்கையாளர் பணம் தரத் தாமதித்தால் நமக்கும் தாமதம்.

மூன்றாவதாகத் தொழிற்சாலையைக் கேட்பார்கள். கங்கைகொண்டானில் டாடா பவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபர்ஸ்ட் சோலார் என்று பெரிய ஆலைகள் வந்துவிட்டன, கங்கைகொண்டான் ஆலையில் பெண்கள்தான் பெரும்பான்மை. மாதச் சம்பளம் உடனே வேண்டும் என்றால் நல்ல வழி. நான் ஆலையில் வேலை பார்த்ததில்லை, ஆனால் உற்பத்தி வரிசையில் ஒரே கட்டத்தில் நின்று கற்றது ஆலைக்கு வெளியே எவ்வளவு உதவும் என்று சேருமுன் யோசியுங்கள்.

சோலார் கடையில் சேர்கிறவர்கள் பிஎஃப் உண்டா என்று கேளுங்கள், முதல் வருடத்திலேயே உற்பத்திக் கணக்குப் போடும் பிவிசிஸ்ட் மென்பொருளையும் வரைபடம் போடும் ஆட்டோகேடையும் கற்றுவிடுங்கள், ஈபி ஆபீஸ் வேலையை வேறு யாரிடமும் விடாதீர்கள். உயரம்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால் தாராளமாகக் காற்றாலைக்குப் போங்கள், பழைய சின்ன மெஷின்களைக் கழற்றிவிட்டுப் பெரியது போட 2024இல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டு வந்திருக்கிறது, ஆள் தேவைப்படும். நேர்காணலில் மட்டும் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: உங்கள் அளவுக்கு ஹார்னஸ், சைட்டில் கழிப்பறை, விடுப்பில் இருக்கும்போதும் சான்றிதழைப் புதுப்பிக்கும் செலவு கம்பெனியுடையது என்று எழுத்தில்.