ரூ. 85,000 போயிற்று: ‘வேலைக்கு உத்தரவாதம்’ என்னும் பயிற்சி மையங்களிடம் கவனம்

நேற்று மாலை மூன்றாவது முறையாக அந்த மாடிப்படி ஏறி, மூன்றாவது முறையாக ‘மேனேஜர் வெளியே போயிருக்கிறார்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு இறங்கிய கோபம் தணியாமல் இதை எழுதுகிறேன். பெரம்பூர்ப் பக்கம் உள்ள ஒரு கணினிப் பயிற்சி மையம்; பெயர் வேண்டாம். அங்கே நான் இழந்தது ரூ. 85,000. பழைய நிரல்மொழி ஒன்றை வைத்துக்கொண்டு இனி எந்தத் திசையில் போவது என்று திகைத்து நிற்பவர்கள் முழுவதும் படியுங்கள். முடிவில் சில யோசனைகளும் சொல்கிறேன்.

பாரிமுனையில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் 2006-இல் சேர்ந்து, விஷுவல் பேசிக் 6 என்னும் நிரல்மொழியிலேயே 18 ஆண்டுகள் நிரல் எழுதியவன் நான். அதன் உருவாக்கக் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் எழுதிய நிரல் விண்டோஸில் தொடர்ந்து ஓடியதால், துறைமுகத்துக்குச் சரக்கு வந்துகொண்டிருக்கும்வரை என் பிழைப்பும் ஓடும் என்றிருந்துவிட்டேன். அது என் தவறுதான். அலுவலகம் ஆயத்த மென்பொருளுக்கு மாறியதும் வேலை போயிற்று.

நேர்காணல்களில் ‘வி.பி.’ என்றதுமே சிரிப்பை அடக்கிக்கொண்டவர்களைப் பார்த்துச் சலித்திருந்த எனக்கு, அந்த மையத்தின் ஆலோசகர் தேநீர் வரவழைத்து, அரை மணி நேரம் குறுக்கிடாமல் நான் சொன்னதைக் கேட்டார். “அண்ணா, இத்தனை வருஷம் லாஜிக் எழுதின கை இது. டேட்டா சயின்ஸ் உங்களுக்கு ஆறே மாசம். வேலைக்கு நான் பொறுப்பு” என்றார். அந்த ‘அண்ணா’வில்தான் விழுந்தேன். கைப்பேசியிலேயே ரூ. 15,000 அனுப்பினேன், மீதி ரூ. 70,000 ‘வட்டியில்லாத் தவணை’ என்றார்கள். அது ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கொடுத்த கடன் என்பதும், முழுத்தொகையும் அன்றே மையத்தின் கணக்குக்குப் போய்விட்டது என்பதும் பிறகுதான் புரிந்தது.

ஆறு மாத வகுப்பு ஐந்தாவது வாரத்தில் நின்றது. அதற்குள் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். பைத்தான் என்னும் நிரல்மொழிக்கென்று கொடுத்த பாடக்குறிப்பில் ‘பிரிண்ட்’ கட்டளைகள் அடைப்புக்குறியே இல்லாமல் இருந்தன. இப்போதைய பதிப்பான பைத்தான் 3-இல் போட்டால் பிழை. 2020 ஜனவரி 1-ஆம் தேதி ஆதரவு முடிந்துபோன பைத்தான் 2-க்கான குறிப்பு அது. காலாவதியான திறமையோடு போனவனுக்குக் காலாவதியான பாடத்தையே விற்றிருக்கிறார்கள், அதுவும் ரூ. 85,000-க்கு!

பணம் கட்டும்வரை ‘அண்ணா’, மறுவாரம் ‘சார்’, இப்போது ‘அட்மிஷன் நம்பர் சொல்லுங்க’. புதிய பேட்ச் நிரம்பட்டும் என்றார்கள், ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடச் சொன்னார்கள். மெயிலுக்குப் பதில் இல்லை. வேலைக்குப் பொறுப்பு என்றீர்களே என்றால், ஒப்பந்தத்தில் ‘வேலைவாய்ப்பு உதவி’ என்று மட்டுமே இருப்பதைக் காட்டுகிறார்கள். நிதி நிறுவனமோ, பயிற்சிக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிறது.

பழைய நண்பர் ஒருவர் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது: “உனக்கு எஸ்.க்யூ.எல். தெரியும், பில் ஆஃப் என்ட்ரி தெரியும். பக்கத்து வீடு மாதிரி சி ஷார்ப் இருக்கும்போது ஏன்டா அவ்வளவு தூரம் போனே?” எஸ்.க்யூ.எல். என்பது தரவுத்தளத்தைக் கையாளும் மொழி; பில் ஆஃப் என்ட்ரி, இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தரும் ஆவணம். சி ஷார்ப்பும் விஷுவல் பேசிக்கைப் போல மைக்ரோசாஃப்ட்டின் நிரல்மொழிதான்; அது ஓடும் டாட்நெட் தளத்தைத் தரவிறக்கிக் கற்க ஒரு ரூபாய்கூட வேண்டாம். நான் எந்தத் தரவுத்தளத்தில் வேலை செய்தேன் என்றுகூட அந்த ஆலோசகர் கேட்கவில்லை.

யோசனைகள் சொல்வதாகத் தொடங்கினேன். இப்போது அதற்கு மனம் நிலைகொள்ளவில்லை. முதல் நாளே பணம் கட்டாதீர்கள். வாய்வார்த்தையை எழுத்தில் கேளுங்கள். தவணை என்றால் கடன் யார் பெயரில் என்று பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்று காலை அதில் புகார் பதிந்திருக்கிறேன். வருகிற 5-ஆம் தேதி என் கணக்கிலிருந்து அடுத்த ரூ. 7,000 போய்விடும்.