பூச்சிச் செல்லா, பாலூட்டிச் செல்லா?

வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை ஆய்வகத்தில் தயாரிக்க வேண்டும் என்றதும் கை தானாக ஈ.கோலை பாக்டீரியாவைத் தேடும். மலிவு, வேகம். ஆனால் இன்ஃப்ளூயன்ஸாவின் ஹீமாக்ளுட்டினினை அதனிடம் ஒப்படைத்தால், பெரும்பாலும் மடிப்புக் குலைந்த கட்டியாகத்தான் திரும்பி வரும். புரதத்தின்மேல் ஒட்டியிருக்க வேண்டிய சர்க்கரைச் சங்கிலிகளும் ஏறியிருக்காது. ஈஸ்ட் சர்க்கரையை ஏற்றும், ஆனால் மானோஸ் என்ற ஒரே சர்க்கரையை அளவில்லாமல் அடுக்கிவிடும். 1986 முதல் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கு அது கைகொடுத்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உண்மையான போட்டி பூச்சிச் செல்களுக்கும் பாலூட்டிச் செல்களுக்கும்தான்.

எஸ்எஃப்9 செல்கள் படைப்புழுவின் சினைப்பையிலிருந்து வந்தவை. வயலில் அழிக்கத் துடிக்கும் புழுவை ஆய்வகத்தில் சீராட்டி வளர்க்கிறோம்! 27 டிகிரி வெப்பம் போதும், கார்பன் டை ஆக்சைடு வேண்டாம். நமக்கு வேண்டிய மரபணுவைச் சுமந்த பாகுலோவைரஸ் (பூச்சிகளைத் தாக்கும் வைரஸ்) தொற்றியதும் செல் பிரிவதை நிறுத்திப் பருக்கும். நுண்ணோக்கியில் அதன் உட்கரு செல்லையே அடைத்துக்கொண்டு நிற்கும். சிக்கலும் இங்கேதான். வைரஸ் கடைசியில் செல்லைக் கொன்றுவிடும். மூன்றாம் நாள் அறுவடை செய்ய வேண்டியதை ஒருமுறை ஐந்தாம் நாளுக்குத் தள்ளினேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பளிச்சென்று நிற்க வேண்டிய பட்டை கீழ்நோக்கிச் சிதறிக் கிடந்தது. உடைந்த செல்களிலிருந்து வெளியேறிய புரதச்சிதைப்பு நொதிகளின் வேலை.

முட்டைக்கோஸைத் தின்னும் வேறொரு புழுவிலிருந்து வந்த ஹை ஃபைவ் செல்கள், வெளியே சுரக்கும் புரதத்தைப் பல சமயம் கூடுதலாகத் தரும். ஆனால் ஒவ்வாமை எதிர்ப்புப்பொருள்கள் அடையாளம் காணக்கூடிய ஒருவகை ஃபூக்கோஸ் சர்க்கரையையும் ஒட்டிவிடும். பாகுலோவைரஸ் கையிருப்பைப் பெருக்க எனக்கு எஸ்எஃப்9தான்.

பூச்சிச் செல் ஏற்றும் சர்க்கரை குட்டையானது, பாலூட்டிச் செல் நுனியில் வைக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை அதில் இராது. எல்லா இடத்திலும் இது குறையல்ல. எச்ஐவி உறைப்புரதத்துக்கு மட்டும் நான் துணிய மாட்டேன். அதை நடுநிலையாக்கும் எதிர்ப்புப்பொருள்கள் பல, சர்க்கரையையும் சேர்த்தே பிடிக்கின்றன. அங்கே மனிதச் செல்லோ ஹாம்ஸ்டர் செல்லோதான் சரி.

வேகத்திலும் பூச்சிச் செல்லின் பழைய பெருமை கரைந்துவிட்டது. மனிதச் செல்லில் டிஎன்ஏவை நேரடியாகச் செலுத்தினால் ஒரு வாரத்தில் புரதம் கையில். பாகுலோவைரஸை உருவாக்கி, பெருக்கி, அளந்து முடிப்பதற்குள்ளேயே சில வாரங்கள் ஓடிவிடும். ஆகவே சவ்வில் பதியும் பகுதியை வெட்டி நீக்கிய, கரையக்கூடிய புரதத் துண்டு மட்டும் போதும் என்றால் மனிதச் செல்லில் தொடங்குவேன்.

சவ்வில் பதியும் முழுநீளப் புரதமோ உள்ளே மரபணு இல்லாத, வைரஸ் போன்ற வெற்றுக்கூடோ வேண்டும் என்றால் படைப்புழுவிடமே திரும்புவேன். 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூபிளாக் என்ற இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி, நோவாவாக்ஸின் கொரோனா தடுப்பூசி இரண்டின் புரதமும் அந்தப் புழுவின் செல்களில் விளைந்ததே. பாப்பிலோமா வைரஸின் வெற்றுக்கூடு இன்னும் சுவாரஸ்யம்: கூட்டைக் கட்டும் அதே எல்1 புரதத்தை செர்வாரிக்ஸ் பூச்சிச் செல்லிலும் கார்டசில் ஈஸ்ட்டிலும் தயாரித்தன, இரண்டுமே தடுப்பூசியாக வென்றன.