காற்றாலைக்கு இடம் கொடுத்தவரும் பக்கத்து நிலக்காரரும்: டெக்சாஸ், பவேரியா, டென்மார்க்

ஒரு காற்றாலை வந்தால் அதில் இரண்டு நிலக்காரர்கள் சம்பந்தப்படுகிறார்கள். கோபுரத்துக்கு இடம் கொடுத்துப் பணம் வாங்குபவர் ஒருவர். பைசா வாங்காமல் சத்தத்தையும் சுழலும் நிழலையும் வாங்கிக்கொள்ளும் பக்கத்து நிலக்காரர் இன்னொருவர். அரசு விதி கடுமையா தளர்வா என்றே விவாதம் ஓடுகிறது. ஆனால் இந்த இருவர் கையிலும் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால்தான் எந்த விதி யாருக்கு உதவுகிறது என்று தெரியும். அதை வைத்தே மூன்று ஊர்களைப் பார்க்கிறேன்.

முதலில் டெக்சாஸ். அமெரிக்காவில் காற்று மின்சாரத்தில் முதலிடம் இந்த மாநிலத்துக்குத்தான், 40,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அங்கே காற்றாலை எங்கே நிற்கலாம் என்று மாநில அரசு அனுமதி கொடுப்பதில்லை, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்துக்கும் தடுக்கும் அதிகாரம் கிடையாது. உயரத்துக்காக மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பு பார்க்கும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நிலக்காரரும் கம்பெனியும் எழுதிக்கொள்ளும் குத்தகைப் பத்திரம். நிலம் கைமாறாது, கோபுரத்தைச் சுற்றி மாடு மேயும், பருத்தி விளையும், மின்சாரம் விற்ற வருமானத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கும். மழை பொய்த்த வருஷத்திலும் வரும் பணம் அது. பெரிய பண்ணை வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறெங்கும் இல்லை என்றே சொல்வேன்.

பக்கத்து நிலக்காரர்? அவருக்கு ஒன்றுமில்லை. அபிலீன் ஊருக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் உலகிலேயே பெரியதாக இருந்த ஹார்ஸ் ஹாலோ காற்றாலைப் பண்ணைக்கு எதிராக அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். காட்சி கெட்டுப்போனது என்பதை மட்டும் வைத்து அதைச் சட்டப்படி தொல்லை என்று சொல்ல முடியாது என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் மேற்கு டெக்சாஸ் மின்சாரத்தை நகரங்களுக்குக் கொண்டுபோக சுமார் 5,800 கிலோமீட்டருக்கு மின்பாதை போட்டார்கள். காற்றாலைக்கு நிலம் தர மறுக்க உரிமை இருந்த அதே ஊரில், கம்பி போகும் பாதையில் நிலம் இருந்தால் மறுக்க முடியாது; இழப்பீட்டை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

எந்த விதியும் வேண்டாம் என்ற அந்த மாநிலமே 2019-இல் ஒரு விஷயத்தில் இறங்கி வந்தது. ஆயுள் முடிந்த காற்றாலையை யார் கழற்றுவது? கம்பெனிதான் கழற்ற வேண்டும், அஸ்திவாரத்தைத் தரைக்குக் கீழே குறைந்தது 3 அடி ஆழத்துக்கு எடுக்க வேண்டும், அதற்கான பணத்துக்கு உத்தரவாதமும் தர வேண்டும் என்பது ஒவ்வொரு குத்தகைப் பத்திரத்திலும் இருந்தாக வேண்டும். நிலக்காரரே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. மூன்று ஊர்களிலும் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றை விதி இதுதான், ஏனென்றால் கையெழுத்துப் போடும் நேரத்தில் எந்த விவசாயியும் 30 வருஷம் கழித்து என்ன ஆகும் என்று பேரம் பேசுவதில்லை.

பவேரியா நேர் எதிர். ஜெர்மனியின் இந்த மாநிலம் 2014-இல் ஒரு விதி போட்டது: காற்றாலையின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்குள் குடியிருப்பு இருக்கக் கூடாது. 200 மீட்டர் உயரம் என்றால் 2 கிலோமீட்டர். கிராமங்கள் நெருக்கமாகச் சிதறிக் கிடக்கும் நாட்டில் இப்படி ஒரு வட்டம் போட்டால் இடம் எங்கே மிஞ்சும்? புதிய விண்ணப்பங்கள் கிட்டத்தட்ட நின்றே போயின. குத்தகைக்கு விடத் தயாராக இருந்தவருக்கும் வருமானம் இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. 2022-இல் காடு, நெடுஞ்சாலை ஓரம் போன்ற இடங்களில் தூரத்தை 1,000 மீட்டராகக் குறைத்தார்கள். மூன்றில் மோசமானது இதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை.

டென்மார்க்கில் தூரம் நான்கு மடங்கு உயரம். சத்தத்துக்கும் வரம்பு உண்டு: திறந்தவெளியில் இருக்கும் வீட்டருகே, காற்று விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும்போது 44 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த நாடு அதோடு நிறுத்தவில்லை. 2009 முதல், காற்றாலையால் உங்கள் வீட்டின் மதிப்பு 1 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கம்பெனி ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு குறைந்தது என்பதைக் கம்பெனி சொல்லாது, தனி மதிப்பீட்டு அமைப்பு வந்து பார்த்துச் சொல்லும். திட்டத்தின் 20 சதவீதப் பங்குகளை உள்ளூர்க்காரர்களுக்கு அடக்க விலைக்குத் தர வேண்டும் என்ற விதியும் இருந்தது. கையில் காசு இருப்பவர்தானே பங்கு வாங்க முடியும்? 2020-இல் அதை எடுத்துவிட்டு, எட்டு மடங்கு உயரத்துக்குள் குடியிருக்கும் வீட்டாருக்கு வருஷாவருஷம் வரியில்லாத ஒரு தொகை என்று மாற்றினார்கள். அப்போது வந்த விதிப்படி, ஆறு மடங்குக்குள் இருந்து, வீட்டின் மதிப்பும் 1 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், வீட்டைக் கம்பெனியிடமே விற்றுவிட்டுப் போகவும் உரிமை தந்தார்கள். இதனால் எதிர்ப்பே இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கணக்கு உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டது இங்கேதான்.

நம் ஊர்? ஆரல்வாய்மொழி, கயத்தாறு, பல்லடம், உடுமலை என்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் வைத்திருக்கிறோம். ஆனால் இங்கே பெரும்பாலும் நடந்தது குத்தகை இல்லை, கிரயம். வரிச்சலுகைக்காகக் காற்றாலை வாங்கிய மில்களுக்கு இடம் தேவைப்பட்டது, மானாவாரி நிலத்தைத் தரகர் மூலம் ஒரே விலைக்கு முடித்தார்கள், அதோடு விவசாயிக்கும் காற்றுக்கும் உறவு முடிந்தது. வீல் ஓடும் ஒவ்வொரு ஆடிக்கும் வருமானம் வேறு யாருக்கோ. பக்கத்தில் இருப்பவருக்கு, வீட்டிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற 2016-ஆம் வருஷத்து மத்திய அரசு வழிகாட்டுதல் இருக்கிறது; டென்மார்க் மாதிரி வருஷத் தொகை எதுவும் அதில் இல்லை.

இப்போது பழைய 225, 250 கிலோவாட் இயந்திரங்களைக் கழற்றிவிட்டு மெகாவாட் கணக்கில் பெரியவற்றை நிறுத்தும் காலம். இதற்கென்றே 2024-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. நீளமான இறக்கை, அதிக இடைவெளி, கிரேன் போக அகலமான பாதை என்று கம்பெனிக்காரர் மறுபடி நிலம் கேட்டு வருவார். இந்த முறை கிரயம் வேண்டாம், டெக்சாஸ் மாதிரி வருமானப் பங்கோடு குத்தகை கேளுங்கள். அஸ்திவாரத்தைத் தோண்டி எடுக்கும் பொறுப்பையும் அதற்கான வங்கி உத்தரவாதத்தையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து நிலக்காரருக்கான வருஷத் தொகையைப் பேரம் பேசி வாங்க முடியாது, அதை அரசுதான் விதியாகப் போட வேண்டும்.