யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை: நான்கு வார விடுமுறைக்குள் எது முடியும்?

திருவிழா வாணவெடி, இடிந்து கிடக்கும் வளவு, சோதனைச் சாவடி: போருக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் பலருக்கு நித்திரை கெடுகிறது. "போறதுக்கு முன்னம் எல்லாத்தையும் கதைச்சு முடிச்சிடுவம்" என்று உளவளத்துணைக்கு (counselling) போகிறார்கள். பிழை நடப்பது இந்த அவசரத்தில்தான்.

மனவடு (trauma) சிகிச்சையில் முதலில் பாதுகாப்பும் நிதானமும், பிறகு நினைவுகளை எதிர்கொள்ளல், கடைசியில் வாழ்க்கையோடு மீள இணைதல். வாரம் ஒன்றாக 50 நிமிட அமர்வு என்றால், நான்கு வாரத்தில் முதற்கட்டம்தான் அடங்கும். ஷெல் விழுந்த நாளைத் திறந்துவிட்டு அடுத்த கிழமை விமானம் ஏறினால், கனவும் திடுக்கிடலும் கூடிய நிலையில் ரொறன்ரோவில் தனியே கிடக்க வேண்டிவரும். ஆகவே திரும்பும் திகதியை முதல் அமர்விலேயே சொல்லுங்கள்.

கடந்த ஒரு மாத மனவடு அறிகுறிகள் பற்றிய 20 கேள்விப் படிவம் (PCL-5) தரப்படலாம். மொத்தம் 80 புள்ளி. 31–33ஐத் தாண்டினால் விரிவாகப் பார்க்க வேண்டும். அது மட்டும் நோய் நிர்ணயம் ஆகாது.

மூச்சுப் பயிற்சி காலையும் மாலையும் ஐந்து நிமிடம். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளம். சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைநாமத்தை மீள மீளச் சொல்லும் திக்ர் என்று அவரவர் வழக்கத்தோடு சேர்த்துச் சொல்லித்தருவது இங்குள்ள சிறப்பு. ஆனால் தடுப்புக்காவலில் இருந்தவர்களுக்குக் கண்ணை மூடினாலே பதற்றம் ஏறலாம். அவர்கள் கண் திறந்தபடி, குதிக்கால் நிலத்தில் அழுந்துவதைக் கவனித்துச் செய்வதே நல்லது.

நான் எந்த ஊர், யாருடைய ஆள் என்ற அடையாளச் சிக்கலுக்கு மூன்று தலைமுறைக் குடும்ப மரம் வரைவது மிகவும் உதவும். யார் எந்த ஆண்டு வெளிக்கிட்டார், யார் நின்றுவிட்டார், யார் காணாமல் போனார் என்று தாளில் கண்டால், போனவரின் குற்றவுணர்வும் இருந்தவரின் கோபமும் ஏன் ஒரே சாப்பாட்டு மேசையில் முட்டுகின்றன என்பது விளங்கும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வேண்டும்.

தம்பதியர் என்றால் முதலில் தனித்தனியாகச் சந்திக்கக் கேளுங்கள். அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் கூட்டு அமர்வு ஆபத்து. உள்ளே சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். மொழிபெயர்க்கச் சொந்தக்காரரை இருத்த வேண்டாம். "ஆற்றை பிள்ளை?" (யாருடைய பிள்ளை) என்று கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடும் ஊர் இது. உங்கள் விபரங்கள் உள்ள கோப்பை (file) யார் பார்ப்பார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் 1987 முதல் இயங்குகிறது. போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. அவசரத்துக்குத் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. ஏற்கெனவே குளிசை எடுப்பவர்கள் மருந்துச் சீட்டோடு வாருங்கள், ஊரில் நிற்கும்போது நிறுத்தாதீர்கள். திரும்புமுன் உங்கள் குடும்ப மருத்துவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்குங்கள்: செய்த பயிற்சிகள், படிவப் புள்ளி, இன்னும் திறக்காமல் விட்டவை.