இருபடிச் சமன்பாடு: காரணியா, சூத்திரமா?

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க, பத்தாம் வகுப்பு படிக்கும் மகளை எந்த முறையில் அதிகம் பழக்குவது என்று இந்த ஆண்டு நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. சூத்திர முறையைத் தேர்ந்தேன்: ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி = 0 என்றால் எக்ஸ் = (−பி ± √(பி² − 4ஏசி))/(2ஏ).

காரணிப்படுத்தல் அழகான முறைதான். எக்ஸ்² − 5எக்ஸ் + 6 = 0 என்றால், பெருக்கினால் 6, கூட்டினால் −5 வரும் எண்கள் −2, −3 என்று கண்ணிலேயே தெரிந்துவிடும்; மூலங்கள் 2, 3. இதற்குச் சூத்திரத்தைத் தேடிப் போக வேண்டாம்.

ரயில் கணக்கில்தான் திணறினாள். 360 கி.மீ. செல்லும் ரயிலின் வேகம் மணிக்கு 5 கி.மீ. கூடினால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். உண்மையான வேகம் என்ன? 360/எக்ஸ் − 360/(எக்ஸ் + 5) = 1. சுருக்கினால் எக்ஸ்² + 5எக்ஸ் − 1800 = 0. 1800-க்குக் காரணிச் சோடிகள் 18. மகள் 1, 1800-இல் தொடங்கி வரிசையாக இறங்கினாள். வேண்டிய 40, 45 கடைசிச் சோடி! வித்தியாசம் சிறியது என்பதைக் கவனித்து நடுவிலிருந்து தேடியிருந்தால் உடனே சிக்கியிருக்கும். அந்தக் கண் எல்லாப் பிள்ளைகளுக்கும் சீக்கிரம் வாய்ப்பதில்லை.

சூத்திரத்தில் தன்மைகாட்டி, அதாவது வர்க்கமூலக் குறிக்குள் வரும் பி² − 4ஏசி, 25 + 7200 = 7225. எண் 25-இல் முடிகிறது, முன்னால் இருக்கும் 72 என்பது 8 × 9, அடுத்தடுத்த எண்களின் பெருக்கல்; 5-இல் முடியும் எண்ணின் வர்க்கம் இப்படித்தான் வரும். ஆகவே வர்க்கமூலம் 85. (−5 + 85)/2 = 40. மற்றொரு மூலமான −45 வேகமாக இருக்க முடியாது. 40-இல் 9 மணி, 45-இல் 8 மணி, சரியாக இருக்கிறது.

ஆனாலும் என் முடிவுக்குக் காரணம் வேகம் அல்ல. தேடலை எப்போது நிறுத்துவது என்பதைக் காரணிப்படுத்தல் சொல்வதில்லை. 2எக்ஸ்² − 7எக்ஸ் + 4 = 0 என்பதில் பெருக்கினால் 8, கூட்டினால் −7 வரும் முழு எண்கள் இல்லவே இல்லை. பிள்ளையோ, தனக்குத்தான் அகப்படவில்லை என்று கலங்கிப்போகிறாள். மூன்று மணி நேரத் தேர்வில் அந்தக் கலக்கம் அடுத்த கணக்கையும் கெடுக்கும். தன்மைகாட்டி 49 − 32 = 17, முழு வர்க்கம் அல்ல என்று கண்டதும் தேடல் முடிந்தது: (7 ± √17)/4. முழு வர்க்கமாக வந்தால், காரணி நிச்சயம் உண்டு என்ற தைரியத்தோடு தேடலாம்.

சமன்பாட்டின் ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்க்கும் வர்க்கப் பூர்த்தி முறையிலிருந்துதான் சூத்திரமே பிறக்கிறது. அதை ஒருமுறை செய்துகாட்டினேன். கேள்வியில் கேட்டால் ஒழிய அவள் அதைத் தொடுவதில்லை.

சூத்திரத்தில் குறிப் பிழை வரும். நடுக்கெழு (எக்ஸை ஒட்டிய எண்) −7 என்றால் மேலே +7. மாறிலி (எக்ஸ் இல்லாத எண்) −1800 என்றால் வர்க்கமூலக் குறிக்குள் கழித்தல் கூட்டலாகும். மூன்று கெழுக்களையும் குறியோடு தனி வரியில் எழுதவைத்த பிறகு இந்தத் தவறு வெகுவாகக் குறைந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு மேல் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அங்கே காரணிப் பழக்கம் அதிகம் கைகொடுக்கலாம்.