ஸ்பிரிங் கருவியா, சுத்தியலா? இரண்டையும் தண்ணீருக்குள் சோதித்தேன்

தண்ணீரில் மூழ்கும் காரிலிருந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தும் சீட் பெல்ட்டை அறுத்தும் தப்பிக்க என்று விற்கப்படும் கருவிகளில் இரண்டை வாங்கினேன். ஒன்று சாவிக்கொத்தில் மாட்டும் கட்டைவிரல் அளவு ஸ்பிரிங் கருவி. மற்றொன்று கூர்முனை கொண்ட ஆரஞ்சு நிறச் சுத்தியல். என் மகளுக்கு மூன்று வயது. அவளுடைய இருக்கை பின்னால் இருக்கிறது. அதனால் பெட்டியில் எழுதியிருந்ததை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பழைய கார்களைப் பிரிக்கும் பட்டறையிலிருந்து கதவுக் கண்ணாடிகள் சிலவற்றை வாங்கி வந்து, கண்ணுக்குக் காப்பும் கைக்குத் தடித்த உறையும் அணிந்து சோதித்தேன். வெளியே இரண்டும் உடைத்தன. சுத்தியலால் நடுவில் இரண்டு முறை அடித்தும் பயனில்லை. கீழ் மூலையில் அடித்ததும் நொறுங்கியது. பிறகு ஒரு கண்ணாடியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தினேன். அங்கே சுத்தியல் தோற்றது. தண்ணீர் கையைப் பிடித்து இழுக்கிறது, வீச்சில் வேகமே இல்லை. நான்கு அடிக்கும் கண்ணாடி அசையவில்லை. ஸ்பிரிங் கருவியை மூலையில் வைத்து அழுத்தினேன். ஒரே அழுத்தில் முழுக் கண்ணாடியும் கற்கண்டுபோல் உதிர்ந்தது. அதற்கு வீச்சு தேவையில்லை, விசை உள்ளேயே இருக்கிறது.

சீட் பெல்ட்டை இரண்டும் அறுத்தன. நேராக இழுத்தால் நார் சிக்குகிறது, சாய்வாக இழுத்தால் ஒரே இழுப்பில் வருகிறது.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய, உடைந்தால் பொடியாக உதிரும் கண்ணாடியைத்தான் உடைக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விடும், வழி விடாது. அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. இன்றைய கார்களில் முன் கண்ணாடி லேமினேட்டட்தான். பக்கக் கண்ணாடி எந்த வகை என்று பெரும்பாலும் அதன் மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். என் காரில் குனிந்து பார்த்தேன்: முன் கதவுகள் இரண்டும் லேமினேட்டட், பின் கதவுகள் டெம்பர்டு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்துக் கண்ணாடியை எத்தனை முறை அழுத்தியிருந்தாலும் வீண். இந்த எச்சரிக்கை இரண்டு பெட்டிகளிலும் இல்லை. எனக்குக் கோபமே வந்தது.

இன்னொரு குறை, வைக்கும் இடம். பொத்தானை அழுத்தி இயக்கும் கார்களில் சாவி பையில் கிடக்கும். அதோடு கருவியும் கிடக்கும். டேஷ்போர்டு அறைக்குள் போட்டாலும் பெல்ட்டில் சிக்கியவருக்குக் கை எட்டாது.

கருவியைத் தேடுவதற்கு முன் ஜன்னல் பொத்தானை அழுத்த வேண்டும். மூழ்கும் கார்களை ஆராய்ந்த கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் வரிசை இது: பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் திற, பிள்ளைகளை முதலில் வெளியேற்று, நீயும் வெளியேறு. கார் மிதக்கும் முதல் ஒரு நிமிடத்துக்குள் இது முடிய வேண்டும். தண்ணீர் ஜன்னல் விளிம்புக்கு மேலே ஏறிவிட்டால் அதன் அழுத்தத்தில் கண்ணாடி இறங்காது; கதவையும் தள்ள முடியாது. கருவி வேலைக்கு வருவது அப்போதுதான்.

சுத்தியலை எடுத்து வைத்துவிட்டேன். ஸ்பிரிங் கருவி இரண்டு வாங்கியாயிற்று. ஒன்று என் சீட் பெல்ட்டிலேயே மாட்டியிருக்கிறது, மற்றொன்று மகள் இருக்கைக்குப் பக்கத்துப் பின் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில்.